ஒரு கோடு, கீழே மூன்று புள்ளி

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பதில் இன்லண்டில் அடங்காது என்று தெரிந்ததால் கடைத்தெருவுக்குப் போய் வெள்ளைத்தாள் வாங்கி வந்தேன். அதைப் பார்த்து உன் அம்மா சிரித்தாள். "எட்டாங்கிளாஸ் படிச்சவரு, எவ்ளோதான் எழுதப் போறீங்க?" என்றாள். கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று எழுதப் போகிறேன் என்றேன். அது பொய். இருபத்தாறு வருஷமாக என்னோடு குடித்தனம் பண்ணுகிறவளிடம் பொய் சொல்ல இப்போதெல்லாம் நான் யோசிக்கக்கூட வேண்டியதில்லை, வாயிலிருந்து அதுபாட்டுக்கு வருகிறது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானம் ஆகிவிட்டது, அவள் ஏரிக்கரையில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருப்பாள். அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

உன் கடிதத்தை வழக்கம்போல அவளுக்குப் படித்துக் காட்டினேன். வைகாசியில் கல்யாணம், அதற்குள் முருகேசன் மாமாவைத் தேடிப் பார்த்துவிடலாம், கம்பெனியில் உன்கூட வேலை செய்கிறவர் பேப்பரில் 'காணவில்லை' என்று போட்டுத்தான் தன் அண்ணனைக் கண்டுபிடித்தார், நாமும் போடலாம் என்று எழுதியிருந்தாய். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். உன் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் தாய்மாமன். ஒன்றுவிட்ட மாமன்கள் நாலு பேர் இருக்கிறார்களே, யாரையாவது கட்டச் சொல்லலாமே என்று பெண் வீட்டார் பேச்சுவாக்கில் சொன்னதற்கு, "எந் தம்பி இருக்கறப்ப வேற ஒருத்தன் எதுக்குக் கட்டணும்?" என்று அவள் சண்டைக்கே போய்விட்டாள். சம்பந்தி அம்மாள் மூன்று நாள் பேசவில்லை. உன் கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. மாமா போன அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தார், அம்மாவைக் கேட்டு எழுதுங்கள், பேப்பரில் போட வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதைப் படிக்காமல் விட்டிருக்கலாம், நாக்கு ஓடிவிட்டது. அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நீலச் சட்டை. முதுவுல கிழிஞ்சிருந்துச்சு, நாந்தான் ஒட்டுப் போட்டேன். அப்பிடியே எழுதுங்க" என்றாள். சரி என்றேன். முருகேசன் நீலச் சட்டையோடு பஸ் ஏறவில்லை, சாமி. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதைச் சொல்வதற்கு முன்னால் நம் தொழிலையே உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. அஞ்சு வருஷமாக ஓசூரில் லேத்து மிஷினோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இதெல்லாம் மறந்திருக்கும். சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அதன் பாலைத் தொட்டுத் துணியின் மூலையில் நாம் வைக்கிற குறி, வெள்ளாவியில் வெந்தாலும் கல்லில் அடித்தாலும் போகாது. துணி நைந்து கந்தலானாலும் குறி அப்படியே இருக்கும். கோடு என்றால் மேட்டுத் தெரு, வளையம் என்றால் கடைத்தெரு, பெருக்கல் என்றால் கீழத் தெரு. புள்ளியை எண்ணினால் எத்தனையாவது வீடு என்று தெரிந்துவிடும். நூறு வீட்டுத் துணி ஒரே குவியலாகக் கிடந்தாலும் ஒன்றும் மாறாது. உன் அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் குறி படிப்பதில் என்னை உட்கார வைத்துவிடுவாள். நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் பத்துத் துணியைப் பிரித்துப் போட்டிருப்பாள்.

நீயும் கெட்டிக்காரன்தான். மூன்றாம் வகுப்பில் சிலேட்டு மாறிப் போகிறது என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டபோது, எல்லார் சிலேட்டுச் சட்டத்திலும் அவரவர் வீட்டுக் குறியை ஆணியால் கீறி வைத்தாய். வாத்தியார் உன் காதைத் திருகி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "புள்ளையப் படிக்க அனுப்புனியா, அழுக்கெடுக்க அனுப்புனியாடா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து உன்னைப் புளிய விளாரால் அடித்தேன். அந்த அடிக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். அன்றைக்கு நீ செய்ததில் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் வாத்தியாரிடம் பயம், மேட்டுத் தெருவிடம் பயம், காக்கிச்சட்டையிடம் பயம். பிறந்ததிலிருந்து ஊருக்குப் பயந்தே பழகியவன் நான், அந்தப் பயம் என்ன செய்தது என்பதுதான் நான் எழுத வந்தது.

முருகேசன் உனக்கு அஞ்சு வயசுதான் மூத்தவன். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போன பிறகு உன் அம்மாதான் அவனைக் கொண்டுவந்து வளர்த்தாள். உனக்கும் அவனுக்கும் ஒரே தட்டில் பிசைந்து ஊட்டியவள். ஏரியில் உனக்கு நீச்சல் பழக்கியதும் அவன், சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் சினிமாவுக்குக் கூட்டிப்போய் என்னிடம் ஏச்சு வாங்கியதும் அவன். நீ சேலத்தில் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு ஓசூரில் ஒரு புதுக் கம்பெனியிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தது. அதை நாலாக மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கத் திரிந்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் துணி துவைக்கிற இடத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, அந்த மேட்டு வூட்டுக் கோடு போட்ட சட்டைய ரெண்டு நாளைக்குக் குடுங்க மாமா."

"டேய், ஊரார் துணிடா. தெரிஞ்சா என்னாவறது?"

"யாருக்குத் தெரியப் போவுது? இந்த ஒட்டுச் சட்டையோட போயி நின்னா வாசல்லயே தொரத்திடுவாங்க. வந்ததும் நானே தொவச்சு இஸ்திரி போட்டு வெச்சுடறேன்."

மேட்டுத் தெருவில் மூன்றாவது வீடு, பெரிய பண்ணையம். அந்த வீட்டு இரண்டாவது பையன் சேலத்தில் காலேஜ் படித்தான், மாசத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வருவான். அந்தப் பையனுடைய சட்டை அது. ஊரார் துணியை உடுத்துவதும் உடுத்தக் கொடுப்பதும் நம் தொழிலில் எவ்வளவு பெரிய குற்றம் என்று உனக்குத் தெரியும். பக்கத்து ஊரில் ஒருத்தர் ஒரு வீட்டுப் பட்டுச்சேலையை இன்னொரு வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுத்துப் பிடிபட்டு, ஊர் நடுவில் நிறுத்தப்பட்டு, அப்புறம் ஒரு வீட்டிலும் அழுக்குப் போடாமல் குடும்பத்தோடு ஊரைவிட்டே போனார். உன் அம்மா இந்த விஷயத்தில் என்னைவிடக் கண்டிப்பு. எல்லாம் தெரிந்தும் கொடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். "அக்காவுக்குத் தெரிஞ்சா கொன்னுடும், பஸ் ஸ்டாண்டுல மாத்திக்கறேன்" என்றான். தர்மபுரி வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில். வாசற்படியில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. மறுநாள் காலையில் உன் அம்மா ஒட்டுப் போட்ட நீலச் சட்டையில் அவனை வாசல்வரை வந்து அனுப்பி வைத்தாள். பஸ் கிளம்புகிற நேரத்துக்கு நான் ஸ்டாண்டுக்குப் போனேன். கோடு போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தான், அதை அவனிடம் சொல்லவும் சொன்னேன்.

இரண்டு நாள் பத்து நாளாயிற்று. வேலை கிடைத்திருக்கும், உடனே சேரச் சொல்லியிருப்பார்கள் என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினெட்டாம் நாள் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். வயசானவர், நல்ல மாதிரி. ஸ்டூல் போட்டேன். காக்கிக் கவரிலிருந்து கத்தரித்த துண்டுத் துணி ஒன்றை எடுத்தார்.

"மாரண்டஹள்ளி தாண்டி தண்டவாளத்தோரமா ஒரு ஆளு. ரயில்லருந்து விழுந்தானா என்னான்னு தெரியல. பை கிய் ஒண்ணும் கெடைக்கல. சட்டையில இந்தக் குறி ஒண்ணுதான். பாலக்கோடு, தர்மபுரின்னு தொவைக்கிறவங்க எல்லாத்தையும் கேட்டாச்சு, எங்களுது இல்லேங்கறாங்க. நீ பாருப்பா."

பார்த்தேன். சந்தனக் கலரில் காப்பிக் கோடு. மடிப்பின் உள்பக்கம் நான் என் கையால் வைத்த குறி. அதைப் பார்த்ததும் என் மனசில் முதலில் வந்தது மேட்டு வீடு. இரண்டாவதாக அந்தப் பக்கத்து ஊர்க்காரர். முருகேசன் மூன்றாவதாகத்தான் வந்தான். உனக்கு இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்த வரிசை அதுதான்.

"நம்முளுது இல்லீங்க" என்றேன்.

"நல்லாப் பாரு."

"இல்லீங்க. நாங்க கோட்டுக்கு மேலதான் புள்ளி வெப்போம். இது கீழ இருக்குது பாருங்க."

அவ்வளவு சுத்தமாக வந்தது பொய். அவர் நம்பிவிட்டார். சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டு, "போட்டோ ஒண்ணு இருக்குது. மூஞ்சி கொஞ்சம் அடிபட்டிருக்குது. பாக்கறியா?" என்று கேட்டார். நான், "குறியே நம்முளுது இல்லாதப்ப போட்டோவப் பாத்து நான் என்னங்க சொல்லப் போறேன்" என்றேன். அவர் எடுக்கவில்லை. துண்டுத் துணியையும் கவருக்குள் வைத்துவிட்டார். அவர் ஏதோ துணியை உள்ளே வைப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே உன் அம்மா மோர் கொண்டுவந்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். "யாரோ கேக்க ஆளில்லாத பொணம்மா. அங்கயே பொதைச்சாச்சு" என்றார். "அய்யோ பாவம், பெத்தவங்க எங்க தேடறாங்களோ" என்று சொல்லி, வெயிலில் வந்தவருக்கு இன்னொரு சொம்பு ஊற்றினாள்.

குறி வீட்டைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆளைச் சொல்ல அந்தப் போட்டோ இருந்தது. ஒரு பார்வை பார்த்திருந்தால் அவனா இல்லையா என்று தெரிந்திருக்கும். அவனாக இருந்திருந்தால் அழுது முடித்திருப்போம், இல்லையென்றால் நிம்மதியாகத் தேடியிருப்போம். இரண்டும் இல்லாமல் செய்துவிட்டேன். அடுத்த வாரம் மேட்டு வீட்டு அம்மாள் சட்டையைக் கேட்டார்கள். காற்று அடித்து ஏரியில் போய்விட்டது என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போனாப் போவுது போ. ஒரு சட்டைக்கா இப்பிடி நடுங்கற?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவ்வளவுதான். எதற்குப் பயந்து என் மச்சினனை நான் யாரோ என்று சொன்னேனோ, அது அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஆறு வருஷம். போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்று உன் அம்மா சொன்னபோதெல்லாம் கொடுத்தாயிற்று என்று பொய் சொன்னேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது என்பார்கள், அப்படித்தான் இருந்தேன். எனக்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். ரயிலில் எவனோ முருகேசனின் பையைத் திருடியிருப்பான், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடி அவன்தான் விழுந்திருப்பான், இவன் இன்டர்வியூ தவறிப்போன வெட்கத்தில் எங்கேயோ இருப்பான் என்று. பஸ் ஸ்டாண்டில் அந்தச் சட்டை அவன் உடம்பில் இருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தக் கதையில் அந்த இடம் மட்டும் வராமல் பார்த்துக்கொள்வேன். உன் அம்மா குறி கேட்க வேண்டும் என்றாள், கடத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாளிடம் நானே கூட்டிப்போனேன். அவர்கள் வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு, "வடக்க இருக்கான், சொகமா இருக்கான், நல்ல காரியம் நடக்கறப்ப வருவான்" என்றார்கள். உன் அம்மா அழுதாள், சிரித்தாள், வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். என் கையால் போட்ட குறியைக் கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டவன் நான், ஒன்றும் பார்க்காமலே அந்த அம்மாள் சொன்ன குறியை நம்பி உன் அம்மா உயிரோடு இருக்கிறாள். அந்த 'நல்ல காரியம்' உன் கல்யாணம் என்று முடிவே பண்ணிவிட்டாள். அவனுக்கு வேட்டி சட்டை எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

மாரண்டஹள்ளிக்கு மூன்று தடவை போனேன். சேங்கொட்டை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் தக்காளிக் கூடை அடுக்கி அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கூடையிலும் ஒரு கலர் துணி, ஒரு சுண்ணாம்புக் கீறல். எந்தத் தோட்டத்துக் கூடை எது என்று அவர்களுக்குத் தெரிகிறது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன் எங்கே என்று விசாரிப்பேன். வாசலுக்கு எதிரே டீக்கடையில் ஒரு டீ குடிப்பேன், அப்புறம் இன்னொரு டீ குடிப்பேன். உள்ளே போய் என்ன கேட்பது? அன்றைக்கு என்னுடையது இல்லை என்றேன், என்னுடையதுதான் என்றா? மூன்று தடவையும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். தண்டவாளத்துப் பக்கம் நடந்து போய்ப் பார்க்கக்கூட இல்லை.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உன்னை நம்பி வருகிற பெண்ணிடம் எந்தத் தப்பையும் அன்றைக்கே சொல்லிவிடு. திட்டுவாள், இரண்டு நாள் சோறு போடமாட்டாள், மூன்றாம் நாள் போடுவாள். நாள் போகப் போக அந்தத் தப்பு அப்படியேதான் இருக்கும், அதை மறைத்தது மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும். சட்டையைக் கொடுத்ததை உன் அம்மா மன்னித்திருப்பாள். குறியை மறைத்ததைக்கூட அந்த வாரமே சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு மாரண்டஹள்ளிக்கு ஓடியிருப்பாள். ஆறு வருஷம் அவளை வாசலில் உட்காரவைத்ததை எப்படி மன்னிப்பாள்? பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் தம்பி சீர் கொண்டுவருகிற வீடுகளை அவள் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். பத்தாவது படித்த பெண்ணாமே, இந்தக் கடிதத்தை அவளும் படிக்கட்டும். வரப்போகிற வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டே வரட்டும்.

இனி நீ கேட்டதற்குப் பதில். சந்தனக் கலரில் காப்பிக் கோடு போட்ட டெரிகாட்டன் சட்டை, முழுக்கை, பெரிய காலர். கீழ் மடிப்பின் உள்பக்கம் குறி. அதையும் வரைந்து காட்டுகிறேன்.

———
• • •

இதைப் பேப்பரில் போட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், இப்போது உனக்கும் தெரியும். போடாவிட்டால் அவள் முகூர்த்த நேரம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், உன் நெற்றியில் யாரையும் பட்டம் கட்ட விடமாட்டாள். கல்யாணம் முடிந்த பிறகு சொல்லலாமா? முன்னாலேயே சொன்னால் அவள் அந்த மணவறைக்கு வருவாளா? யோசித்து யோசித்து எனக்குத் தலை நின்றுவிட்டது. வழி சொல்ல வேண்டிய வயசில் பிள்ளையிடம் வழி கேட்கிறேன், ராசா. நீ என்ன சொல்கிறாயோ அப்படியே

எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டாள். மூட்டையைத் தலையில் வைத்தபடியே என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எழுத்தை அவள் எப்போதும் பார்க்கமாட்டாள், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பாள். அதனால் நான் தாளை மறைக்கவும் இல்லை.

"மேட்டு வூட்டுக் குறியாச்சே இது" என்று சிரித்தாள். "கல்யாணத்துக்குக் கூப்பிடற வூட்டையெல்லாம் குறி போட்டா எழுதறீங்க?"

என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். மூட்டையை இறக்கி வைத்தாள். மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"மேட்டு வூட்டுச் சட்டை ஒண்ணு ஏரியில போச்சுன்னீங்களே. எந் தம்பி போன மாசந்தான அது?"

பேனாவைக் கீழே வைக்கவில்லை நான். அவளே, "அன்னிக்கு ஒரு போலீஸ்காரரு ஏதோ துணி கொண்டாந்தாரே" என்றாள். அது கேள்வி இல்லை. அப்புறம் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். உன் கடிதம் வந்தால் எப்படி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவாளோ அதே மாதிரி.

"என்ன எழுதியிருக்கீங்களோ, மொதல்லருந்து எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

எழுதிக்கொண்டிருக்கிற வரைக்கும் படிக்க வேண்டியதில்லை என்று நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.